சாய்ந்த எழுத்தும் வண்டியின் இடப்பக்கமும்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். லாரி நெற்றி, பஸ்ஸின் பக்கவாட்டு, ஆட்டோவின் பின்கண்ணாடி எல்லாம் வரும். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "நல்லா தடியா, சாய்ச்சுப் போடுங்கண்ணா. வண்டி நின்னாலும் ஓடுற மாதிரி இருக்கணும்." தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் வேண்டும்.

இங்கிலீஷில் கவலை குறைவு. சாய்வெழுத்தில் ஒரு முழுப் புத்தகத்தை 1501-லேயே வெனிஸில் ஆல்டஸ் மனுசியஸ் அச்சிட்டுவிட்டார். அச்சை வெட்டிக்கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. முனையில் கொக்கி இல்லாத சான்ஸ் செரிஃப் அச்செழுத்து 1816-ல்தான் வந்தது. ஃப்யூச்சுரா என்கிற சான்ஸ் செரிஃப் எழுத்துருவின் தடித்த சாய்வெழுத்தைச் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைத்து அமெரிக்க ஓவியக் கலைஞர் பார்பரா க்ரூகர் செய்த படங்களைப் பாருங்கள். நாலே வார்த்தை, சுவரையே பிடித்துக்கொள்ளும். இந்த எழுத்துக்கு அதுதான் வேலை: சில வார்த்தைகள், பெரிய அளவு. போன் நம்பரை அதில் போடவே மாட்டேன்.

கோரல் டிரா என்கிற டிசைன் சாப்ட்வேரில் நேர் எழுத்தின் தலையை 12 டிகிரி வலப்பக்கம் தள்ளிவிட்டால் சாய்வெழுத்து ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 'O'-வைத் தள்ளிப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடித்துவிடும், மற்ற இரண்டு மூலையும் மெலிந்துவிடும். 'A'-வின் இடக்கால் ஒல்லியாகும், வலக்கால் கனக்கும். எழுத்து தடிக்கத் தடிக்க இந்தக் கோணல் பளிச்சென்று தெரியும். நல்ல எழுத்துரு செய்பவர்கள் தள்ளிய பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார்கள்.

தமிழில் அந்தத் திருத்தத்தை நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே 'ழி' இருக்கிறது. தள்ளினால் மேலே உள்ள கொக்கி வலப்பக்கம் ஓடும், ழகரத்தின் அடிச்சுழி இடப்பக்கம் போய் முந்தைய துணைக்கால் அடியில் நுழையும். கோட்டை வளைக்கிற புள்ளிகளை (நோடு) ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுழியை உள்ளே இழுப்பேன். 'ப' இன்னும் படுத்தும்: இடமூலை கூராகி, வலமூலை விரிந்து, எழுத்தே விழப்போவதுபோல் நிற்கும். வலக்காலைக் கொஞ்சம் நிமிர்த்தினால் சரியாகும்.

மலையாளம் வேறு மாதிரி. சாய்வைக் கண்ணுக்குக் காட்டுவது நேர்க்கோடுகள். அங்கே பெரும்பாலும் வளைவுகள்தான் என்பதால் சாய்ந்ததாகவே தெரியாது, நசுங்கியதாகத்தான் தெரியும். மலையாளத்தில் சாய்வைக் குறைத்தே வைப்பேன்.

இன்னொன்று, இதற்காக ஓனர்களிடம் மல்லுக்கட்டுவேன். வண்டியின் வலப்பக்கத்தில் ஒட்டினால் எழுத்து முன்னால் பாயும். இடப்பக்கத்தில் அதே எழுத்து பின்னால் சரியும், ஏனென்றால் அங்கே பார்ப்பவருக்கு வண்டியின் முகம் இடதுகைப் பக்கம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற சனம் பார்ப்பதோ இடப்பக்கத்தைத்தான்! அங்கே எழுத்தை நேராக நிறுத்தி, பின்புறமாக மூன்று கோடுகளை இழுத்துவிடுகிறேன். பாய்ச்சல் கோட்டில் வந்துவிடுகிறது.

எக் டைப் என்கிற இந்திய எழுத்துரு நிறுவனம் செய்த பலூ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன் என்று தடித்த அழகான எழுத்துருக்கள் இருக்கின்றன. இரண்டிலும் சாய்வு கிடையாது. தமிழ் எழுத்துரு வரைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு தடித்த சாய்வு வரைந்து கொடுங்கள். 'ழி'யிலிருந்து தொடங்குங்கள்.