வட்டாரம் 23, ஸ்காபரோ நோர்த்: ஒரு தேர்தல் நாட்குறிப்பு

2022 செப்டம்பர் 29, வியாழன்

இன்று காலை பஸ்ஸுக்குப் போகும்போது பார்க்கிறேன், தெரு முழுக்கப் பெயர்ப் பலகைகள். ரொறன்ரோவில் தேர்தலுக்கு 25 நாட்கள் இருக்கும்போதுதான் வீட்டுப் புல்தரையில் பலகை நடலாம், அந்த நாள் இன்று. பக்கத்து வீட்டுச் சீன ஐயா தன் கையாலேயே கம்பிகளை மண்ணுக்குள் அழுத்தி, இரண்டடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்று பார்த்து, திரும்பவும் வந்து அழுத்திக்கொண்டிருந்தார். சிந்தியா லாயின் பலகை. எங்கள் வட்டாரத்துக்கு 2018இல் தெரிவான நகரசபை உறுப்பினர், இந்த முறையும் நிற்கிறார்.

அக்டோபர் 24 வாக்களிப்பு. மேயர், நகரசபை உறுப்பினர், பாடசாலைச் சபைக்கு ட்ரஸ்டி எனப்படும் உறுப்பினர் என்று மூன்று பேரைத் தெரிய வேண்டும். மேயருக்கு மட்டும் 31 பேர் நிற்கிறார்கள். இங்கே நகரத் தேர்தலில் கட்சியும் கிடையாது, சின்னமும் கிடையாது, வெறும் பெயர்கள்தான். 1977இல் இலங்கையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்துக்குப் புள்ளடி போட்டு வாக்களிக்கப் பழகிய அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "சின்னம் இல்லாமல் ஆர் எந்தப் பக்கம் எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டா. நல்ல கேள்விதான், ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு.

அக்டோபர் 3, திங்கள்

நேற்று வந்த துண்டுப் பிரசுரங்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த வருடம் ஜனவரி 17 பனிப்புயலுக்குப் பிறகு எங்கள் நடைபாதை எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்பதை அம்மா மறக்கவில்லை, அதனால் பனி அள்ளுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டா. அப்புறம் ரயில். ஸ்காபரோ ஆர்டி அடுத்த வருடம் நிறுத்தப்படப் போகிறது, சுரங்க ரயில் நீட்டிப்பு முடிய இன்னும் பல வருடங்கள் ஆகும், அதுவரை பஸ்தான். மால்வேனுக்கு ரயில் வரும் என்ற கதையை இந்தப் பகுதிக்கு வந்த நாளில் இருந்து கேட்கிறோம். அது வரவேயில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு உறுப்பினர். 2018இல் 47 வட்டாரங்களுக்குத் தேர்தல் நடக்கவிருந்தது. பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசு சட்டம் போட்டு அதை 25 ஆக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போய், போன வருடம்தான் 5க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒருவர். ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகரசபையின் தொலைபேசி எண் 311ஐ அழைக்கலாம். ஆனால் நாலு வருடமாகத் தீராத ஒரு பிரச்சினையை நேரில் இருந்து கேட்க ஒருவருக்கு நேரம் வேண்டாமா? எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது.

அக்டோபர் 8, சனி

இந்த வருடம் தேர்தலும் தீபாவளியும் ஒரே நாள். அக்டோபரின் நாலாவது திங்கட்கிழமை வாக்களிப்பு என்பது சட்டம், அது போய்த் தீபாவளியில் விழுந்திருக்கிறது. அன்றைக்குக் கோயில், சமையல், வருகிறவர்கள் என்று அலைச்சல் இருக்கும், முற்கூட்டியே போட்டுவிடுவோம் என்று அம்மா சொன்னா. 7ஆம் தேதியில் இருந்து 14 வரை முற்கூட்டிய வாக்களிப்பு. இன்று கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேலை கிட்டத்தில்தான், நான் 24ஆம் தேதியே போடுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

அம்மா நல்ல சேலை உடுத்திருந்தா. தகவல் அட்டை, வங்கியில் இருந்து வந்த கடிதம், அதற்கு மேல் தேவையில்லாத கடவுச்சீட்டு, எல்லாம் ஒரு பொலித்தீன் பையில். சீட்டை வாங்கி, மறைப்புக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது. பெயருக்கு நேரே இருக்கும் நீள்வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். அம்மா குழந்தைப்பிள்ளை சித்திரம் தீட்டுவதுபோல வெளியே போகாமல் தீட்டினா. சீட்டை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து எண்ணும் இயந்திரத்துக்குள் விட்டதும் அது இழுத்துக்கொண்டது. அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றா.

காரில் வரும்போது 1981ஐப் பற்றிக் கதைத்தா. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல், ஜூன் 4. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்கள். வாக்குப்பெட்டிகள் சில காணாமலே போன தேர்தல் அது. அப்போது அம்மாவுக்கு 23 வயது. தேர்தல் என்றால் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற நாள் என்றுதான் அதற்குப் பிறகு மனதில் பதிந்துவிட்டதாம். "இண்டைக்கு ஒரு பயமும் இல்லை" என்றா.

ஆருக்குப் போட்டது என்று நான் கேட்கவில்லை. தானாகவே சொன்னா: "அந்தச் சீனத்து மனுசிக்குத்தான். வேற நாட்டில இருந்து வந்து உழைச்சு முன்னுக்கு வந்தவ."

அக்டோபர் 15, சனி

ட்ரஸ்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலைத்தளத்தில் ஆறு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தங்கள் ட்ரஸ்டியின் பெயர் தெரியவில்லை, மூன்று பேர் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவார்களாம். இத்தனைக்கும் எல்லோருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்!

வட்டார இலக்கமே ஒரு குழப்பம். நகரசபைக்கு நாங்கள் 23, பொதுப் பாடசாலைச் சபைக்கு 21. கத்தோலிக்க சபைக்கு ஆதரவாளர் என்று பதிந்தவர்களுக்கு வேறு சீட்டு, பிரெஞ்சுச் சபைகளுக்கு வேறு. பதியாதவர்கள் எல்லோரும் ஆங்கிலப் பொதுச் சபைக்குள் வருவார்கள். கத்தோலிக்கரான எங்கள் மச்சாள் பதியவேயில்லை, போன முறை பொதுச் சபைக்கான சீட்டைக் கொடுத்தபோதுதான் அவவுக்கே அது தெரியவந்தது.

ரொறன்ரோ பொதுச் சபையில் 22 ட்ரஸ்டிகள், ஏறக்குறைய 580 பாடசாலைகள். கல்விப் பணிப்பாளரை நியமிப்பதும் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துவதும் அவர்கள்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் நடக்கிற சர்வதேச மொழித் திட்டமும் அந்தச் சபையின் கீழ்தான். இந்த மே மாதம் இன்னொன்றையும் முடிவு செய்தார்கள்: கலை, கணிதம் போன்ற சிறப்புப் பாடசாலைகளுக்கு இனித் திறமைத் தேர்வு இல்லை, விருப்பம் தெரிவித்தவர்களிடையே குலுக்கல். அடுத்த செப்டம்பரில் சேரும் பிள்ளைகளில் இருந்து அது நடைமுறைக்கு வருகிறது. என் மகள் எட்டாம் வகுப்பு. ஐந்து வருடமாக வயலின் படிக்கிறாள், கலைப் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. செய்தி வந்த அன்றைக்கு அறைக்குள் போய் அழுதாள். எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் அவளோடு ஆரம்பப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை, நல்ல குரல், தாய் இரண்டு இடத்தில் வேலை, தனிவகுப்புக்குக் காசு இல்லை. அந்தப் பிள்ளை ஒரு தேர்வறைக்குள் நின்று எப்படிப் பாடிக் காட்டுவாள்? நான் இன்னும் ஒரு பக்கமாக முடிவெடுக்கவில்லை. அந்த மே மாதக் கூட்டத்தில் எனக்காகக் கை உயர்த்தியது யார் என்று தெரியாமல் இருந்தேன் பாருங்கள், அது பிழை. இன்று இரவு வேட்பாளர்கள் எல்லோரும் எழுதியிருப்பதை முழுக்க வாசித்தேன், மகளும் பக்கத்தில் இருந்து வாசித்தாள்.

2018இல் யாழினி ராஜகுலசிங்கம், அனு ஸ்ரீஸ்கந்தராஜா என்று எங்கள் பெண்கள் ஸ்காபரோவில் இருந்து அந்தச் சபைக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். தமிழர் என்பதற்காக மட்டும் போடக்கூடாது என்பதும் தெரியும்.

அக்டோபர் 21, வெள்ளி, இரவு

சிந்தியா லாய் இறந்துவிட்டார். தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில்.

தொலைபேசியில் செய்தியைப் பார்த்ததும் முதலில் நம்பவில்லை. சமையலறையில் அம்மா உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தா. சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தா. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் போட்ட வாக்கு?" என்றா.

அக்டோபர் 22, சனி

விதியை வாசித்தேன். சீட்டுகள் அச்சடித்தாயிற்று, அதனால் பெயர் அப்படியே இருக்கும். வாக்களிப்பு நிலையங்களில் அறிவித்தல் ஒட்டுவார்கள். அவருக்கு விழும் வாக்குகள் எண்ணப்படமாட்டா. முற்கூட்டிப் போட்டவர்கள் திரும்பவும் போட முடியாது. வேட்பாளர் ஒருவர் இறந்தால் மிஞ்சி இருக்கிறவர்களில் யாரும் போட்டியின்றித் தெரிவாகிற நிலை வந்தால்தான் தேர்தலை நிறுத்துவார்கள், இங்கே அப்படி இல்லை.

இரகசிய வாக்கு என்றால், போட்ட சீட்டைத் தேடி எடுத்து இவருடையது இது என்று சொல்ல வழி இருக்கக்கூடாது. அது எனக்கு விளங்குகிறது. அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். "மேயருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டது கிடக்குத்தானே" என்று கேட்டா. கிடக்கு அம்மா, அதுகள் எண்ணுவினம் என்றேன். தலையாட்டினா. ஆனால் பகல் முழுக்கக் கதை குறைவு. அந்த நீள்வட்டத்தை அவ்வளவு கவனமாகத் தீட்டியவ.

பக்கத்து வீட்டுப் பலகை நிற்கிறது. மழையில் ஒட்டிய மேப்பிள் இலை ஒன்று பெயருக்கு மேலேயே கிடக்கிறது.

அக்டோபர் 24, திங்கள், தீபாவளி

விடிய எழும்பி எண்ணெய் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், வேலைக்குப் போய், மாலை ஆறு மணிக்கு வாக்களிப்பு நிலையத்துக்குப் போனேன். எட்டு மணி வரை திறந்திருக்கும். உள்ளே போனதும் அந்த அறிவித்தல். எனக்கு முன்னால் நின்ற ஒரு முதியவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வரிசையில் இருந்து விலகி நின்று யோசித்து, பிறகு கடைசியில் வந்து சேர்ந்தார். பட்டுச் சேலையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள், ஒருவர் கையில் பலகாரப் பெட்டி. இந்த நாளில் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் வந்திருந்தார்கள்.

மூன்றுக்கும் போட்டேன். ட்ரஸ்டிக்குத்தான் முதலில்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிச் சாப்பிட உட்கார முன்னமே மேயர் முடிவு வந்துவிட்டது. ஜான் டோரி, மூன்றாவது தடவை.

அக்டோபர் 25, செவ்வாய்

எங்கள் வட்டாரத்தில் ஜமால் மையர்ஸ் வென்றிருக்கிறார். ஸ்காபரோவின் வேறொரு வட்டாரத்தில் நீதன் ஷான் திரும்பவும் ட்ரஸ்டி ஆகிறார். இவ்வளவு நாளும் ட்ரஸ்டியாக இருந்த பார்த்தி கந்தவேள் ஸ்காபரோ சவுத்வெஸ்டில் நகரசபைக்கு நின்று, நெருங்கி வந்து தோற்றுவிட்டார். நகரம் முழுக்க வாக்களித்தவர்கள் 30 வீதத்துக்கும் குறைவு. 2018இல் 41 வீதமாவது இருந்தது. பத்துப் பேரில் ஏழு பேர் வரவில்லை என்பதை மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அம்மா புது உறுப்பினரின் பெயரைக் கேட்டு, தமிழில் எழுதித் தரச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியில் 311க்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறா.

பிறகு ஒரு தட்டில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஐயா வெளியேதான் நின்றார். கம்பிகளை மண்ணில் இருந்து இழுத்துவிட்டு, பலகையில் ஒட்டிய இலைகளைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா தமிழிலேயே ஏதோ சொன்னா, அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். தட்டை வாங்கிப் படியில் வைத்துவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். நீலக் குப்பைத் தொட்டி வாசலிலேயே இருந்தது, அதைத் தாண்டிப் போய்க் கராஜுக்குள் சுவரோடு சாத்தி வைத்தார்.