கிமோவ்: உள்ளே இருப்பது புல்லுருவி இல்லை

பிரெஞ்சில் 'கிமோவ்' என்றால் இன்று பலருக்கு மார்ஷ்மெல்லோ மிட்டாய்தான் நினைவுக்கு வரும். முதலில் அது ஒரு செடியின் பெயர். உப்புச் சதுப்பு ஓரங்களில் இடுப்பளவுக்கு மேல் வளரும். இலை தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். துத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் இதன் சொந்தங்கள். வேரை நறுக்கித் தண்ணீரில் போட்டால் வெண்டைக்காய் போலவே கொழகொழவென்று சாறு இறங்கும். (பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வேரின் மாவுச்சத்தும் சேர்ந்து கரைந்துவிடும்.)

'மோவ்' லத்தீன் மால்வாவிலிருந்து வந்தது, துத்தி இனச் செடி. இதில் சிக்கல் இல்லை. 'கி' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் புல்லுருவி என்று பொருள். உடனே 'புல்லுருவித் துத்தி' என்று பிரித்துவிடத் தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான். இந்தச் செடி எந்த மரத்தையும் ஒட்டி வாழ்வதில்லை. தன் வேரில் தானே நிற்கிறது.

இந்த மாதிரி இடத்தில் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்துவிட வேண்டும். இதே செடி ஸ்பானியத்தில் மால்வாவிஸ்கோ, இத்தாலியத்தில் மால்வாவிஸ்கியோ, ஜெர்மனில் ஐபிஷ். மூன்றுக்குள்ளும் இருப்பது லத்தீன் 'ஹிபிஸ்கும்', அதாவது கிரேக்க 'இபிஸ்கோஸ்'. செடியின் பழைய பெயரே அதுதான். பேச்சில் முன்பாதி உதிர்ந்து, பகரம் வகரமாகி, சொல் தேய்ந்துபோனது. பொருள் புரியவில்லை என்றதும் பக்கத்தில் 'மால்வா'வைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் பேச்சில் 'நடுசென்டர்' வந்தது போலத்தான்.

அப்படியானால் ககரம் எப்படி வந்தது? ஜெர்மானிய உச்சரிப்பின் தாக்கத்தில் சில லத்தீன் வகரச் சொற்கள் பிரெஞ்சில் ககரமாயின. குளவியைக் குறிக்கும் 'வெஸ்பா' 'கெப்' ஆனது. புல்லுருவியைக் குறிக்கும் 'விஸ்கும்' 'கி' ஆனது. 12ஆம் நூற்றாண்டு வடிவமான 'வித்மால்வ'வில் வகரம் இன்னும் மாறாமல் நிற்கிறது. 'விஸ்கும்' என்பதற்குப் புல்லுருவிப் பழத்திலிருந்து எடுத்துப் பறவை பிடிக்கப் பயன்படுத்திய பிசின் என்றும் பொருள் உண்டு. ஒலியும் நெருக்கம், பிசுபிசுப்பும் பொதுவானது. ஹிபிஸ்கும் போன தடத்தில் விஸ்கும் கலந்தது இப்படித்தான். புல்லுருவி இந்தச் சொல்லின் ஒலியைத் திருப்பியது, பொருளைத் தரவில்லை.

'ஹிபிஸ்கஸ்' என்ற பெயரை 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் செம்பருத்திப் பேரினத்துக்கு வைத்துவிட்டார். சதுப்புச் செடிக்குக் கிடைத்தது, 'குணமாக்குதல்' என்ற கிரேக்கச் சொல்லடியில் பிறந்த 'அல்தேயா'.