திரும்பி வருவதற்கு ஓர் இடம்

டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் கென்யாவின் ஃபெயித் கிப்யெகோன், முன்னே ஓடிய சிஃபான் ஹசனை விடாமல் பின்தொடர்ந்து, கடைசி 200 மீட்டரில் அவரைத் தாண்டி, 3 நிமிடம் 53.11 விநாடியில் தங்கம் வென்றார். மகள் அலின் பிறந்து மூன்றே ஆண்டுகளில் கிடைத்த வெற்றி என்பதால், தாய்மையின் வலிமை என்று பலரும் அதைப் போற்றினார்கள். அந்தப் போற்றுதலில் தவறில்லை. ஆனால் மன உறுதியை மட்டும் புகழும்போது, அந்த உறுதி பலிப்பதற்கு எவையெல்லாம் கூடிவர வேண்டும் என்பதை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2017 லண்டன் உலகப் போட்டியிலும் தங்கம் வென்று உச்சத்தில் இருந்தபோதுதான், அவர் பிரசவத்துக்காக 2018ஆம் ஆண்டின் போட்டிகளை விட்டு விலகினார். 1500 மீட்டர் ஓட்டம் தாக்குப்பிடிக்கும் திறனையும் வேகத்தையும் ஒருங்கே கேட்பது. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகளும் இடுப்புத் தசைகளும் பழைய வலுவைப் பெற மாதங்கள் ஆகும். பாலூட்டும் காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து குறைவதால், அவசரப்பட்டுப் பயிற்சியைக் கூட்டினால் எலும்பில் விரிசல் விழக்கூடும். ஆகவே பொறுத்திருக்கத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். கிப்யெகோனுக்கு பேட்ரிக் சாங் வாய்த்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடைதாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அவர், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் உள்ள கென்யாவின் கப்தகத்தில் பயிற்சி முகாம் நடத்துகிறார். மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே உட்பட எல்லோருமே முறைவைத்துத் துப்புரவு வேலை செய்து, வார நாட்களில் அங்கேயே தங்கி, வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இடம் அது. மற்ற நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019 ஜூனில் களம் திரும்பிய முதல் ஓட்டத்திலேயே அவர் நான்கு நிமிடத்துக்குள் ஓடி வென்றார். அந்த ஆண்டு தோஹா உலகப் போட்டியில் வெள்ளி. 2023இல் 3:49.11, 2025இல் 3:48.68 என்று தொடர்ந்த உலக சாதனைகள் எல்லாம் அலின் பிறந்த பிறகு வந்தவையே.

அதே காலத்தில் தாயாகியிருந்த அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் முந்தைய ஊதியத்தில் 70 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளத் தன் விளம்பர ஆதரவாளராக இருந்த நைக்கி நிறுவனம் கேட்டதாக 2019 மே மாதம் வெளிப்படையாக எழுதினார். கருவுற்ற வீராங்கனைகளின் ஊதியத்தை 18 மாதங்களுக்குக் குறைப்பதில்லை என்று அந்நிறுவனம் ஆகஸ்டில் அறிவித்தது. ஃபெலிக்ஸ் அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கங்களுக்குச் சொந்தக்காரர்; அவர் பேசினால் உலகம் கேட்கும். தகுதிச் சுற்றோடு ஊர் திரும்பும் வீராங்கனைக்கு அந்த 18 மாதம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எப்போது விலகினார் என்பதுகூட யாருக்கும் தெரியாது.