பூச்சி பிடிக்கும் மக்கரோனி: செப்புத் தகட்டில் ஒரு நகல்

தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸ் ஒருவழியாக என் செப்புத் தகட்டிலிருந்து தாளில் இறங்கிவிட்டார். 1772 ஜூலை 12 என்று தேதியிட்டு, லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவின் 39ஆம் எண் கடையிலிருந்து மேத்யூ டார்லி வெளியிட்ட கேலிப்படத்தின் நகல் இது. தலைப்பு, 'பூச்சி பிடிக்கும் மக்கரோனி'. இரண்டு பூமி உருண்டைகளின் மேல் ஆளுக்குக் கால் அகண்டு நிற்கிறது. கண் பட்டாம்பூச்சியின் மேல். 'துருவம் விட்டுத் துருவம் அலைகிறேன், ஏன் என்கிறாயா, உண்மையைச் சொல்கிறேன், ஒரு பூச்சியைப் பிடிக்கத்தான்' என்ற பொருளில் அடியில் இரண்டு வரிப் பாட்டு. கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்த பேங்ஸ், அடுத்த பயணத்துக்கும் ஆட்களைத் திரட்டிவிட்டு, கப்பலில் இட வசதி போதாது என்று பிணங்கி விலகினார். அந்த ஜூலையில் அவர் புறப்பட்டது ஐஸ்லாந்துக்கு. ஊர் சிரிக்க வேறென்ன வேண்டும்!

இத்தாலி சுற்றிவிட்டு வந்து அந்த ஊர்ச் சாப்பாட்டையும் உடையையும் கொண்டாடிய பணக்கார இளைஞர்களுக்கு அன்றைய லண்டன் வைத்த பட்டப்பெயர் மக்கரோனி. பின்னந்தலையில் பருத்த கொண்டை, உச்சியில் ஒட்டவைத்தாற்போல் குட்டித் தொப்பி, உடம்பைப் பிடிக்கும் குட்டைக் கோட்டு. டார்லியும் அவர் மனைவி மேரியும் 1771 முதல் 1773 வரை இந்த வகைப் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். கடைக்கே மக்கரோனி அச்சுக்கடை என்று பெயர் வந்துவிட்டது.

ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் கில்ரேயின் படங்களில்தான் எனக்கு மோகம். ஆனால் அந்தக் கூட்டத்தையும் நிழலையும் தகட்டில் கொண்டுவர இன்னும் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும். டார்லி படத்தில் பெரும்பாலும் ஓர் ஆள், வெறும் பின்னணி, காலடியில் தரை என்று சொல்ல நாலு கோடு. தொடங்குகிறவனுக்கு இது தோது.

வேலை இப்படிப் போகிறது. தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, சூடேற்றி, தேன்மெழுகும் நிலக்கீலும் குங்கிலியமும் சேர்ந்த பூச்சை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து மெழுகுவர்த்திப் புகை காட்டினால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஊசி போகிற இடமெல்லாம் செம்பு பளிச்சென்று தெரிவது அந்தக் கறுப்பினால்தான். ஊசியை அழுத்தத் தேவையில்லை, மெழுகு கிழிந்தால் போதும். பள்ளம் பறிப்பது அமிலத்தின் பொறுப்பு. அக்காலத்தில் நைட்ரிக் அமிலம் ஊற்றி, மேலே வரும் குமிழ்களை இறகால் வருடிவிடுவார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று, சர்க்யூட் போர்டு அரிக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலை வாங்கினேன். இதில் குமிழ் வராது, ஆனால் வண்டல் கோடுகளுக்குள் படியும். அதனால் தகட்டைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் முட்டுக் கொடுத்து ஊறவிடுகிறேன். பூச்சியின் இறகு போன்ற மெல்லிய கோடுகள் கொஞ்சம் அரிபட்டதும் தகட்டை வெளியே எடுத்து, அந்த இடத்தில் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மேல்சட்டையின் வெளிவரையை மட்டும் மறுபடி கரைசலுக்கு விட வேண்டும். ஒரே ஊசிதான் மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் தருகிறது.

எழுத்துதான் உயிரை எடுத்தது. அச்சில் திரும்பி விழும் என்பதால் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். அதிலும் ஆங்கில 'எஸ்' எழுத்து கை பழகவே மாட்டேன் என்கிறது.

உருளை அச்சு இயந்திரம் வாங்கும் வசதி இல்லை. பாஸ்தா மாவைத் தட்டையாக்கும் சிறிய இயந்திரம், கம்பளித் துணி வைத்து ஓட்டினால் அதே வேலையைச் செய்கிறது. அதன் அகலத்துக்குள் அடங்கவே நகலைக் கொஞ்சம் சுருக்கினேன். மக்கரோனியை இதில் அச்சிடுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மையைத் தேய்த்து, கஞ்சி போட்ட மெல்லிய துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஈரத்தாளோடு உருட்டினால் கோடுகள் தாளின் மேல் மேடாக எழுந்து நிற்கின்றன. விரலால் தடவினால் தெரிகிறது.

இதையெல்லாம் செய்யும்போதுதான் டார்லியின் வியாபாரம் பிடிபட்டது. உடம்பு ஏறக்குறைய அதே உடம்பு. கையில் இருப்பதையும் தலைப்பையும் மாற்றினால் அடுத்த மக்கரோனி தயார்: குதிரைப் பந்தயக்காரர், பாதிரியார், சிப்பாய். மேரி டார்லி 1762இலேயே கேலிச்சித்திரம் வரையக் கற்றுத்தரும் புத்தகம் போட்டவர். வாடிக்கையாளர்கள் கிறுக்கிக் கொண்டுவருவதையும் கடை வாங்கித் தகட்டில் ஏற்றிக்கொடுத்தது. உடற்கூறு பார்த்தால் பல படங்கள் தேறாது. என் கண்ணுக்கு அதுவே பலமாகத் தெரிகிறது, தெருவில் நடந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்ப்பவனுக்குக் கொண்டையும் வாளும் தெரிந்தால் போதுமே. பேங்ஸ் படம் வந்து இரண்டே நாளில், ஜூலை 14இல், அந்தக் கடைவாசலையே காட்டும் எட்வர்ட் டோபமின் படமும் வந்தது. ஜன்னலில் தொங்குகிறவர்களுக்கும் வெளியே வாய் பிளந்து நிற்கிறவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஒரு பிரதிக்கு நீர்வண்ணம் பூசிப் பார்த்தேன். எண்ணெய் மை என்பதால் கோடு கலையவில்லை. ஆனாலும் வண்ணம் பூசாத பிரதிதான் எனக்குப் பிடிக்கிறது. சிவப்புக் கோட்டு வந்ததும் கண் அங்கேயே நின்று பூச்சியை மறந்துவிடுகிறது.

அடுத்தது பேங்ஸின் கூட்டாளி சோலாண்டர், 'மூலிகை பறிக்கும் மக்கரோனி'. மெழுகு பூசிப் புகை காட்டியாகிவிட்டது. அதன் பாட்டில் அவர் பெயரின் பின்பாதியை நட்சத்திரக் குறிகளால் மறைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டிய அவசியம் இல்லை.