வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒரு பைத்தான் செயலி

எந்த அண்டா எந்தக் கல்யாண வீட்டில் இருக்கிறது என்பதைச் சித்தப்பாவின் வாடகைப் பாத்திரக் கடையில் நோட்டில்தான் எழுதிவந்தார்கள். முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் பல வீடுகளுக்குச் சாமான் போகும். திரும்பி வரும்போது கணக்கு உதைக்கும். அதற்கு ஒரு செயலி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். கடையில் இணைய இணைப்பு இல்லை, கணினியும் விண்டோஸ் 7 ஓடும் பழைய பெட்டி. அதனால் பைத்தான் நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும் இரண்டை எடுத்துக்கொண்டேன்: சாளரம் வரைய டிகின்டர், தரவைச் சேமிக்க எஸ்கியூலைட். வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதே பாதிச் சுமையைக் குறைத்தது.

வரவு, பற்று, பாக்கி என்ற கணக்குப் பகுதி சீக்கிரம் முடிந்தது. நேரத்தை எல்லாம் விழுங்கியது சாளரமும், அது ஓடவேண்டிய இடமும்தான்.

முதல் தொல்லை, இரவில் கடை சாத்தும்முன் தரவைப் பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கும் பொத்தான். சாமான்களின் படங்களும் சேர்ந்து போவதால் கொஞ்ச நேரம் பிடிக்கும். அழுத்தியதும் சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிடும். “தம்பி, பெட்டி நின்றுவிட்டது” என்று சித்தப்பா பதறி, பாதிப் பிரதியிலேயே மூடிவிடுவார். உண்மையில் எதுவும் நிற்கவில்லை. டிகின்டரில் திரையை வரைவதும் பொத்தானுக்குப் பதில் சொல்வதும் மெயின்லூப் என்ற ஒரே சுழற்சியின் வேலை. பொத்தானை அழுத்தினால் ஓடும் நிரல் துண்டு, அதாவது செயற்கூறு, முடியும்வரை அந்தச் சுழற்சி காத்திருக்கும். ஐந்து விநாடிக்கு மேல் பதில் இல்லையென்றால் விண்டோஸ் அந்தச் செயலியை உறைந்ததாகக் கருதிவிடும்.

வேலையின் நடுநடுவே அப்டேட் செயற்கூறை அழைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். திரை அசையும் என்பது சரிதான். ஆனால் பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தவும் அது வழிவிடும், ஒரு பிரதிக்குள் இன்னொரு பிரதி தொடங்கும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிரதி எடுப்பதை, சாளரத்தின் வேலையோடு இணையாக ஓடும் தனி த்ரெட்டுக்கு மாற்றினேன். அந்த த்ரெட் சாளரத்தின் எந்த உறுப்பையும் தொடாது, எவ்வளவு முடிந்தது என்பதை கியூ என்ற வரிசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். சாளரம் ஆஃப்டர் செயற்கூறின் உதவியால் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கியூவைப் பார்த்து முன்னேற்றப் பட்டையை நகர்த்தும். இங்கே எஸ்கியூலைட்டும் ஒரு நிபந்தனை வைக்கிறது: ஒரு த்ரெட்டில் திறந்த தரவுத்தள இணைப்பை வேறொரு த்ரெட்டில் பயன்படுத்தினால் பிழை எறியும். புது த்ரெட்டுக்குள்ளேயே புது இணைப்பைத் திறந்துகொள்வதுதான் சுத்தமான வழி. தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுக்காமல், பைத்தான் 3.7 முதல் கிடைக்கும் பேக்கப் முறையைப் பயன்படுத்தினேன். தரவு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதும் அது முழுமையான பிரதியையே தருகிறது.

அடுத்தது, சாமான் வகைகளுக்கான பொத்தான் வரிசை. அண்டா, வாளி, ஜமுக்காளம், நாற்காலி என்று ஒரு சுழற்சியில் உருவாக்கினால் எதை அழுத்தினாலும் நாற்காலிதான் வரும். பொத்தானோடு கட்டிய லாம்டா என்ற பெயரில்லாச் சிறு செயற்கூறு, மாறியின் பெயரைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது, மதிப்பை அழுத்தும்போதுதான் பார்க்கிறது. அதற்குள் சுழற்சி கடைசிப் பெயரில் போய் நின்றிருக்கும். லாம்டாவின் முன்னிருப்பு அளபுருவாக மதிப்பைக் கொடுத்தாலோ மதிப்பை முன்கூட்டியே கட்டிவைக்கும் பார்ஷியலைப் பயன்படுத்தினாலோ தீர்ந்தது. படங்கள் பிழைச் செய்தியே இல்லாமல் காணாமல் போவதும் இதே போலச் சின்ன விஷயம்தான். படத்துக்கான பைத்தான் மாறியை எங்காவது பிடித்து வைத்திருக்காவிட்டால் நினைவகத் துப்புரவில் அது போய்விடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தேடல். பட்டியலில் ‘கொப்பரை’ கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. சில கொப்பரைகள் கிடைக்கின்றன, சில கிடைப்பதில்லை. செயலியை ஓரமாக வைத்துவிட்டு, கிடைத்த சொல்லையும் கிடைக்காத சொல்லையும் மட்டும் ஒரு சிறு கோப்பில் எடுத்து நீளத்தை அச்சிட்டேன். ஒன்று 7, மற்றது 8. எழுத்துகளின் குறியீடுகளைக் காட்டும் ஆஸ்கி செயற்கூறில் கொடுத்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமாயிற்று. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பழைய பட்டியலை ஒருவர் தட்டச்சு செய்திருந்தார், புதியவற்றைக் கடையில் வேறொரு விசைப்பலகையில் சேர்த்திருந்தார்கள். பைத்தானுக்கும் எஸ்கியூலைட்டுக்கும் அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயற்கூறில் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் 7 ஆகிவிடும். ஓகாரத்துக்கும் இதுவே பொருந்தும். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ‘ள’ எழுத்தையே யாராவது தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது, கையால்தான் திருத்த வேண்டும். தமிழில் செயலி எழுதுகிறவர்கள் முதல் நாளிலேயே இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் நிரல் எழுதும் கணினியில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அங்கே நன்றாக ஓடிய பட்டியல் ஏற்றுமதி, விண்டோஸில் ‘சார்மேப்’ என்று தொடங்கும் பிழையுடன் நின்றது. கோப்பைத் திறக்கும்போது எழுத்துகளைச் சேமிக்கும் முறையை, அதாவது குறியாக்கத்தை, சொல்லாவிட்டால் பைத்தான் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது, அதில் தமிழுக்கு இடமில்லை. யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் எழுதிவிடும், ஆனால் எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் எழுத்துகள் சிதறும். கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேர்க்கும் ‘யூடிஎஃப்-8-சிக்’ கொடுத்த பிறகுதான் எக்ஸெலும் சரியாகப் படித்தது.

நிரலை நேரடியாக ஓடும் செயலியாகக் கட்டித் தரும் கருவியான பைஇன்ஸ்டாலர், ஒரு கணினியில் இன்னொரு இயங்குதளத்துக்கான கோப்பைக் கட்டித் தராது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. எனவே கடைக் கணினியிலேயே 3.8-ஐ நிறுவிக் கட்டினேன். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினால் செயலி ஒவ்வொரு முறையும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரிந்து, மூடும்போது அதை அழித்துவிடும். நிரல் இருக்கும் இடத்திலேயே தரவுத்தளத்தை வைக்கும் நிரலாக இருந்தால் அன்றைய பதிவுகள் முழுவதும் அதோடு போய்விடும். படங்கள் போன்ற மாறாத கோப்புகளுக்கு மட்டும் அந்த இடம், தரவுத்தளம் பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் என்று பிரித்தேன். பிறகு ஒரே கோப்பு முறையையே விட்டுவிட்டுக் கோப்புறையாகக் கட்டினேன். சீக்கிரம் திறக்கிறது, வைரஸ் தடுப்பு மென்பொருளின் வீண் சந்தேகமும் குறைந்தது.

கன்சோல் என்ற கட்டளைச் சாளரம் இல்லாமல் கட்டும்போது பிழைச் செய்திகள் போக இடமின்றி மறைந்துவிடும். டிகின்டரில் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்’ என்ற செயற்கூறை நம்முடையதாக மாற்றிக்கொள்ளலாம். பிழையின் முழுத் தடத்தையும் தேதியுடன் ஒரு கோப்பில் எழுதி, பயனருக்குத் தமிழில் ஒரு வரி காட்டும்படி அதை அமைத்தேன். இப்போது ஏதாவது நடந்தால் சித்தப்பா அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார், நான் ஊகிக்க வேண்டியதில்லை. அண்மையில் வந்த கோப்பில், எண்ணிக்கைக் கட்டத்தில் ‘50+10’ என்று தட்டியதால் முழு எண்ணாக மாற்ற முடியவில்லை என்று இருந்தது. கேட்டேன். முதல் நடையில் ஐம்பது தட்டு, பிறகு வீட்டார் கூடுதலாகக் கேட்ட பத்து. இரண்டையும் தனியாகத் தெரியும்படி எழுதுவதுதான் நோட்டுக் காலத்திலிருந்தே கடையின் பழக்கம் என்றார். நல்ல பழக்கம்தான். கூட்டல் குறியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எண்ணாகச் சோதித்துக் கூட்டும்படி அந்தக் கட்டத்தை மாற்றி, தட்டியதை அப்படியே குறிப்பிலும் சேமித்துவிட்டேன்.