முட்டி போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

போன வாரம் எங்கள் ஜெர்சி கலப்பு மாடு ராத்திரி பதினொன்றரைக்குக் கன்று போட்டது. கிடாரி. மூக்கில் இருந்த கோழையை எடுத்து, உடம்பைத் துடைத்து, தொப்புளை டிஞ்சர் அயோடினில் முக்கிவிட்டு சீம்பால் கறக்க உட்கார்கிறேன், கட்டிலில் இருந்தபடியே அமத்தா, என் அம்மாவைப் பெற்றவர், குரல் கொடுக்கிறார்: "நஞ்சு உழுவட்டும் சாமி, அப்புறம் கறக்கலாம்."

எங்கள் வீட்டில் ஒவ்வொரு கன்றுக்கும் இந்தச் சண்டை உண்டு. நஞ்சு என்பது நஞ்சுக்கொடி. அது விழ நாலு மணி நேரமும் ஆகும், எட்டு மணி நேரமும் ஆகும். கன்றுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நோயை எதிர்க்கிற சக்தி தாய் வயிற்றில் இருக்கும்போது அதற்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் சில மணி நேரம்தான் நன்றாக நடக்கும், ஒரு நாள் தாண்டினால் எவ்வளவு ஊற்றினாலும் அது வெறும் பால். கன்று 25 கிலோ இருந்தால் முதல் நாளில் இரண்டரை லிட்டராவது போக வேண்டும், அதில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவேன். இன்னொன்று, கன்று முட்டிக் குடித்தால் கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு விழவும் அதுவே ஒத்தாசை. அமத்தாவிடம் இதைப் பத்து தடவை சொல்லியாகிவிட்டது.

சரி, சீம்பால் விஷயத்தில் நான் கெட்டி. நான் கோட்டை விட்டது கன்றைக் கட்டுகிற இடத்தில்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மூன்று வாரக் கன்று ஒன்று இருந்தது, குளிரில் நடுங்குமே என்று கட்டுத்தரையின் ஒரு மூலையில் நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சிமெண்ட் தரையில் சாக்கு விரித்து, காற்று நுழைய ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்து, பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியில் தூங்கினேன். நாலாம் நாள் இருமல். மூக்கில் சளி, விலா இரண்டும் படபடவென்று அடிக்கிறது. டாக்டர் வந்தார், ஊசி எடுப்பதற்கு முன்பு தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். கொஞ்சம் யோசித்து, "இருங்க, முதல்ல நீங்க உள்ள போய் அது படுத்திருக்கிற இடத்துல முட்டி போட்டு உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அரை நிமிடம்கூட இல்லை, முட்டியில் வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது. மூத்திர நெடியில் கண் எரிந்து தண்ணீர் வந்தது. தினமும் இரண்டு வேளை அங்கே நின்றுதான் பால் காட்டினேன், நின்றவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கன்றின் மூக்கு இருப்பது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

டாக்டர் வந்துபோன மூன்றாம் நாள் கன்று செத்துப்போய்விட்டது. குளிர் கொன்றதாகத்தான் ஊரில் பேசினார்கள். குளிர் இல்லை, ஈரமும் அடைசலும்.

இப்போது கன்றுகளுக்குத் தனி இடம். பெரிய மாடுகளின் சாணியும் மூத்திரமும் அந்தப் பக்கம் ஓடி வராத மாதிரி மேட்டில், ஆறுக்கு ஐந்து அடி, அதில் இரண்டு கன்றுக்கு மேல் விடுவதில்லை. மேற்கே மட்டும் தென்னங்கீற்றுத் தடுப்பு, கன்று படுத்தால் மறைகிற உயரத்துக்கு. அதற்கு மேல் திறந்தவெளி. சாரல் அடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்துப் படுதாவை இறக்குவேன். தரை வாட்டமாக இருக்கும், மேலே காய்ந்த வைக்கோல் கனமாகப் போடுவேன், கன்று படுத்தால் கால் பாதி மறைய வேண்டும். காலையில் முதல் வேலை முட்டி போடுவது. ஈரம் பட்டால் வைக்கோல் மொத்தமும் குப்பைக்குழிக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டு, என்ன மாப்பிள்ளை கன்றுக்கு பூஜையா என்றார்.

மற்றதெல்லாம் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்ததுதான். தாய்ப்பாலிலேயே உருண்டைப்புழு வந்துவிடும், அதனால் பத்து நாளுக்கு மேல் பதினைந்துக்குள் முதல் குடற்புழு மருந்து, எடை பார்த்து. இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் ஒரு கை, பக்கத்தில் தண்ணீர். பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் தீவனம் இறங்காது, தீவனம் இறங்காமல் வயிறு வளராது. கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திவிடுவதும் அப்படி ஒரு தப்பு. பாலைக் கொடுத்துக்கொண்டே இடையில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுக்க வேண்டும். விரலை வாயில் வைத்தால் சப்பவில்லை, காது சில்லிட்டிருக்கிறது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு நஞ்சு தானாக விழுந்தது. "நாஞ் சொன்னனில்ல" என்றார் அமத்தா, என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. விடிந்ததும் பலகாரத்துக்குச் சீம்பால் எங்கே என்றார். ஒரு டம்ளர் கொடுத்தேன். கன்று குடித்தது போக இருந்த ஒன்றரை லிட்டர், தேதி எழுதிய பாட்டிலில் பிரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அடுத்து ஏதாவது மாடு பால் இறங்காமல் நின்றால் அந்தக் கன்றுக்கு. அமத்தாவுக்கு இன்னும் தெரியாது.