தண்ணி கேட்டா குடுக்காத, சிஸ்டர கேளு

காலேஜ் பசங்கள ஹாஸ்பிடல் வார்டு வாலண்டியரா தயார் பண்றேன்னு சொன்னாலே பெத்தவங்க மொதல்ல கேக்கறது, "ஊசி போட சொல்லிக் குடுப்பீங்களா மேடம்?" இல்லவே இல்ல. ஊசி, மாத்திரை, கட்டு பிரிக்கறது எதுவும் கிடையாது, ட்ரிப்ஸ் தீந்து போச்சுன்னா கூட அத மூட கை நீட்டக்கூடாது, சிஸ்டர கூப்பிடணும். அப்ப என்னதான் பண்ணுவாங்கன்னா சாப்பாடு ஊட்டுவாங்க, வீல்சேர்ல ஸ்கேனுக்கு கூட்டிட்டு போவாங்க, பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. இதுக்கு எதுக்கு ட்ரெய்னிங்னு தோணும். வார்டு நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன என்ன கேட்டா, இதுக்குதான் ஜாஸ்தி வேணும்.

தண்ணியவே எடுத்துக்குங்க. தாகம்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்றது பாவம்னு வளந்தவங்க நாம, வெயில் வந்தா தெருவுக்கு தெரு தண்ணிப்பந்தல் வைக்கற ஊரு இது. அப்படி வளந்த பொண்ணுகிட்ட ஆபரேஷனுக்கு காத்திருக்கற ஒரு அம்மா "ஒரே ஒரு வாய் குடும்மா"ன்னு கெஞ்சினா அவ என்ன பண்ணுவா, குடுத்துடுவா. மயக்க மருந்து குடுக்கறப்போ வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போகலாம்னு அவளுக்கு எப்படி தெரியும். பக்கவாதம் வந்தவங்க கதை வேற, கெட்டியா இருக்கற கஞ்சி கூட சிலருக்கு எறங்கிடும், தண்ணிதான் புரையேறும், அதுலயும் சிலருக்கு இருமலே வராம உள்ள போயிடும், பாக்கறவங்களுக்கு நல்லா குடிச்ச மாதிரியே இருக்கும், அப்புறம் நிமோனியால வந்து நிக்கும். கிட்னி பேஷண்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளவு போட்டிருப்பாங்க.

அதனால என் ட்ரெய்னிங்ல பவர்பாயிண்ட் கம்மி. நானே கட்டில்ல படுத்துக்குவேன், தண்ணி கேப்பேன், அழுவேன், "உங்க வீட்டு ஆளுன்னா இப்படி பண்ணுவியா"ன்னு திட்டுவேன். "சிஸ்டர கேட்டுட்டு வர்றேன்மா"ன்னு சொல்ல எல்லாரும் சீக்கிரம் கத்துக்கறாங்க. கேட்டுட்டு திரும்பி வந்து பதில் சொல்றதுலதான் பாதி பேர் கோட்ட விடறாங்க, பதில் "கூடாது"ன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல சங்கடப்பட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்கு நழுவிடறாங்க, அந்தம்மா வாசலயே பாத்துட்டு படுத்திருப்பாங்க.

பேசறது மட்டும் என்ன பெரிய சிகிச்சையான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில டாக்டர் ஷாரன் இனோய்னு ஒருத்தங்க 1993-ல ஹெல்ப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அட்மிட் ஆன வயசானவங்களுக்கு திடீர்னு குழப்பம் வருமே, ராத்திரில எழுந்து "வீட்டுக்கு போகணும், பஸ் வந்துடும்"னு ட்ரிப்ஸ பிடுங்கிட்டு கெளம்புவாங்களே, டெலிரியம், அத வராம தடுக்கத்தான். நர்ஸ், டாக்டரோட சேர்த்து பழக்கின வாலண்டியர்களும் உண்டு, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்றது, கண்ணாடி, காது மெஷின எடுத்து மாட்டி விடறது, நடக்க வைக்கறது, சாப்பிட உதவறது, இதான் வேலை. 1999-ல வந்த ஆய்வுல 70 வயசு தாண்டின 852 பேர பாத்தாங்க, வழக்கமான கவனிப்புல 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம் இந்த வார்டுல 9.9 சதவீதமா இருந்துச்சு. நம்ம ஊர்ல இதெல்லாம் கூட இருக்கற அட்டெண்டரே பாத்துக்குவாங்க, ஆனா ஆள் இல்லாம தனியா வந்து படுத்திருக்கறவங்களும் எல்லா வார்டுலயும் உண்டு, என் பசங்கள மொதல்ல அவங்ககிட்டதான் அனுப்புவேன். தினத்தந்தி படிச்சுக் காட்டினா போதும், மனுஷன் தேதிய புடிச்சுக்குவாரு. (58 வயசு ஆள போய் "தாத்தா"ன்னு கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட பையனும் உண்டு. ஐயா, அம்மா போதும்பா.)

வீல்சேர்ல எல்லாரும் பண்றது யூரின் பேக எடுத்து பேஷண்ட் மடியில வைக்கறது, தரையில உரசக்கூடாதுங்கற நல்ல எண்ணம்தான், ஆனா பை மேல ஏறினா மூத்திரம் திரும்ப உள்ள போகும், இன்ஃபெக்ஷன் வரும், அது எப்பவும் இடுப்புக்கு கீழதான் தொங்கணும். எழுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க பிரேக்கும் போட்டு கால் தட்ட மடக்கணும். ராம்ப்ல எறங்கறப்போ பின்பக்கமா எறக்கணும். பக்கவாதம் வந்த கைய புடிச்சு இழுக்கவே கூடாது, தோள்பட்டை நழுவிடும்.

கை கழுவறது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாதுங்கறது எல்லாம் மொத நாளே சொல்லியாச்சு, மீறினா வெளிய. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், மொத ஊசிக்கு அப்புறம் ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசத்துல ஒண்ணு, அதனால காலேஜ் தெறக்கற ஜூன்லயே ஆரம்பிச்சிடுங்க, டிசம்பர்ல முடியும்.

என் சண்டையெல்லாம் காலேஜ்காரங்களோடதான். என்எஸ்எஸ்ல வருஷத்துக்கு 120 மணி நேரம் காட்டணும், அத ஒரேடியா கழிக்க ஒரு பஸ் நிறைய ஆள கொண்டு வந்து எறக்கிட்டு பேனர் புடிச்சு போட்டோ எடுக்கணும்ங்கறாங்க. டியூட்டி சிஸ்டருக்கே மூச்சு விட நேரமில்ல, அவங்க கண்ணுல படற தூரத்துல ரெண்டு பேர் இருந்தா மேற்பார்வை, இருவது பேர் இருந்தா அது விசிட்டர்ஸ் டைம். ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு பேர், அதுக்கு மேல விட மாட்டேன்னு சொல்லிட்டேன், ஒரு காலேஜ் கோச்சுக்கிட்டு வரதையே நிறுத்திடுச்சு. போகட்டும். அடுத்த பேட்ச்ல வர்றவங்க நகம் வெட்டிட்டு, மோதிரம் கழட்டிட்டு, முக்கியமா காலையில சாப்பிட்டுட்டு வாங்க, வெறும் வயித்தோட வந்து வார்டுல மயங்கி விழுந்தா பேஷண்டோட கட்டில்லதான் படுக்க வைக்கணும்.